முப்பது நாளும் நான்கு மணி நேரமும்
சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடைப்பட்ட வழியின் வரலாறு

கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் நின்று, "இங்கிருந்து சென்னை எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். "நாலு மணி நேரம், ஐயா" என்ற விடை உடனே வரும். நாம் கேட்டது தூரத்தை. மாணவர் சொன்னது நேரத்தை. கிலோமீட்டரில் சொல்லும்படி திருத்த நம் நாவு துடிக்கும். ஆயினும் சற்றே பொறுப்போம். தூரத்தை நேரத்தால் அளப்பது தமிழுக்குப் புதிதன்று. ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கும் தொலைவை 'நாழிகைவழி' என்றே நம் முன்னோர் குறித்தனர். குரல் எட்டும் எல்லையைக் 'கூப்பிடு தூரம்' என்றனர். நிலத்தை மனிதரின் காலும் குரலும் அளந்த காலத்துச் சொற்கள் இவை. நம் மாணவர் விமானத்தின் கால்கொண்டு அளக்கிறார்; அவ்வளவே வேறுபாடு.

எனினும் அந்த விடையில் ஒரு குறை இருக்கிறது. நான்கு மணி நேரம் என்பது ஒரு காலத்தின் விடை மட்டுமே. இதே வழிக்கு முப்பது நாள் என்ற விடையும், ஒரு வாரம் என்ற விடையும், சில ஆண்டுகளில் போகவே இயலாது என்ற விடையும் வரலாற்றில் உண்டு. கடலின் அகலம் மாறவில்லை. மாறியவை எவை, அவற்றால் யார் அருகில் வந்தார், யார் தொலைவிலேயே நின்றார் என்பதையே இவ்வுரையில் நாம் காண முற்படுகிறோம்.

முதலில் கணக்கைத் தீர்த்துவிடுவோம். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கும் சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கும் இடையே, பூமியின் வளைவையொட்டிய மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர். திருச்சிராப்பள்ளியிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். உயரத்தில் நிலையாகப் பறக்கும் பயணிகள் விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலாகச் செல்லும். அந்த வேகத்திலேயே முழு வழியையும் கடந்தால் மூன்றேகால் மணி நேரம் போதும். ஆனால் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், இறங்கும் வரிசைக்குக் காத்திருத்தல் ஆகியவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ நான்கு மணி ஆகிவிடுகிறது. கணித ஆசிரியர்கள் இதனைச் சராசரி வேகத்திற்கு நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்: 2,630ஐ நான்கால் வகுத்தால் மணிக்கு 660 கிலோமீட்டர் கூட வருவதில்லை. எவ்வளவு வேகமான வாகனமாயினும் தரையில் கழியும் நேரம் அதன் சராசரியைத் தின்றுவிடும். இந்தச் சிறு கணக்கை நினைவில் வையுங்கள். கப்பல் காலத்திற்கு வரும்போது இது பெரிய கணக்காக விரியும்.

இனி அந்த நேர்கோட்டை நிலப்படத்தில் இட்டுப் பாருங்கள். உருண்டை வடிவப் பூகோளமும் ஒரு நூலும் இருந்தால் இன்னும் நன்று. சென்னையிலிருந்து தென்கிழக்காக வங்கக் கடலைக் கடக்கும் நூல், பெரிய நிக்கோபார்த் தீவின் தென்முனைக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடையிலுள்ள கடற்கால்வாயின் மேல் செல்கிறது. பின்னர் மலாக்கா நீரிணையின் நெடுக்கே இறங்கிச் சிலாங்கூர்க் கரையை அடைகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் பொறிக்கப்பட்டுள்ள முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டளவில் நடந்த கடாரப் படையெடுப்பில் வெல்லப்பட்ட இடங்களைப் பட்டியலிடுகிறது. அப்பட்டியலின் இறுதியில் இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. இலாமுரிதேசம் சுமத்திராவின் வடமுனை, மாநக்கவாரம் நிக்கோபார், கடாரம் நம் கெடா. அதாவது அக்கடல்வாயிலின் இரு நிலைகளும், அது திறக்கும் முற்றமும். இன்றைய விமானம் சென்னையை விட்டு இரண்டரை மணி நேரத்திற்குள் அந்த வாயிலின் மேல் பறந்துவிடுகிறது. பெரும்பாலும் அது நள்ளிரவு; பயணிகள் உறங்கிக்கொண்டிருப்பர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதே வாயிலை அடையக் காற்று வேண்டியிருந்தது. தமிழர் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டவர்: கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். வங்கக் கடலின் பாய்மரக் கலங்களுக்கு இவை கவிதைச் சொற்கள் மட்டுமல்ல, கால அட்டவணையுமாகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்கே போகலாம். வடகிழக்குப் பருவக்காற்றில் மேற்கே திரும்பலாம். இடையில் காத்திருக்க வேண்டும். கடாரத்துக் கரையில் வணிகர் குடியிருப்புகள் தோன்றியதற்கு இக்காத்திருப்பும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. காற்று மாறும் வரை தங்கியவர்கள் வெறுமனே தங்கியிருக்கவில்லை. கடை வைத்தனர், கோயில் கட்டினர், மணமும் செய்துகொண்டனர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்திருந்த பொருள்களுள் காழகத்திலிருந்து வந்தவற்றையும் குறிக்கிறது; காழகத்தை உரையாசிரியர் கடாரம் என்பர்.

இப்பயணத்திற்கு எத்தனை நாள் ஆயிற்று என்பதற்கு நமக்கு அரிய சான்று ஒன்று கிடைத்துள்ளது. அது தமிழ்ச் சான்றன்று, சீனச் சான்று. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவிற்குச் சென்ற சீனத் துறவியரின் வரலாற்றை இட்சிங் எழுதிவைத்தார். அவர்களுள் வூசிங் என்னும் துறவி கெடாவை அடைந்து, குளிர்காலத்தின் இறுதியில் மேற்கு நோக்கிக் கப்பலேறி, முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்தார்; அங்கிருந்து இரண்டே நாளில் இலங்கைக்குச் சென்றார். குளிர்காலத்தின் இறுதி என்ற குறிப்பைக் கவனியுங்கள். வாடைக்காற்று ஓயுமுன் புறப்பட்டிருக்கிறார். கெடாவுக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். முப்பது நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு எண்பது கிலோமீட்டருக்கும் குறைவு. ஆயினும் அக்காலத்தில் இரு கரைகளும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய அரசர் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூளாமணிவர்ம விகாரமும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டதைச் சொல்லும் செப்பேடுகளும் இதற்குச் சான்று. முப்பது நாள் தொலைவு இருவரை அயலாராக்கிவிடவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. அது காற்றின் அட்டவணையை அழித்தது. ஆனால் மனிதருக்கு முன்னே விரைவு பெற்றது சொல்தான். 1870–71ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து பினாங்கிற்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. அன்று முதல் ஒரு செட்டியார் பெட்டகத்தின் விலைச்செய்தி சில மணிகளில் கடல் கடக்கலாயிற்று. அதே செட்டியாரின் கடைக்கு வேலைக்கு வரும் பையன் கடல் கடக்கப் பல நாள் பிடித்தது. சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம் இருந்தமையால், பால்மரம் சீவியவர் வீட்டுக்குத் தந்தி அடித்ததில்லை. அவர் வீட்டிற்குத் தந்தி வந்தால் அது சாவுச் செய்தியாகவே இருக்கும் என்ற அச்சம் நம் பாட்டிமாரிடம் நெடுங்காலம் இருந்தது.

சிலாங்கூரின் கரைக்கு வருவோம். 1886ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் அப்பாதை ஆற்றைக் கடந்து கிள்ளானுக்கும், அதன் பிறகு ஆற்றுமுகத்திற்கும் நீண்டது. 1901ஆம் ஆண்டு அங்கே போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் எழுந்த அத்துறைமுகத்தைத் தொடக்கத்திலேயே மலேரியா வாட்டியது; மருத்துவர் மால்கம் வாட்சன் நீரை வடியச்செய்து நோயைக் கட்டுப்படுத்தியதால்தான் துறைமுகம் நிலைத்தது. 1972இல் அதன் பெயர் கிள்ளான் துறைமுகம் என மாறியது. பினாங்கை மட்டுமே வாயிலாகக் கொண்டிருந்த தமிழ்ப் பயணிக்கு இதனால் சிலாங்கூரின் தோட்டங்கள் நேரே திறந்தன. கிள்ளான் வட்டாரத்தில் தமிழர் இவ்வளவு அடர்ந்து வாழ்வதற்குக் காப்பியும் ரப்பரும் காரணம் என்பர். அவற்றோடு இந்த நாற்பது கிலோமீட்டர் இருப்புப்பாதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கப்பல்களுள் ஒன்றின் பெயர் மலேசியத் தமிழர் இல்லங்களில் இன்றும் வழங்குகிறது: ரஜுலா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்திற்காக 1926இல் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிச்செல்ல அதற்கு உரிமம் இருந்தது. ஐயாயிரம் பேர் என்றால் ஓர் ஊர். அதே ஆண்டில் கட்டப்பட்ட அதன் இணைக்கப்பல் ரோனா, 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிச்சென்றபோது செருமானியக் குண்டால் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரஜுலா தப்பிப் பிழைத்து மேலும் முப்பது ஆண்டுகள் நம் கடலில் ஓடியது.

நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல் கரையை அணைய ஆழமில்லை. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் படகுகளில் ஏறிச் சென்று, அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலுக்கு மாறினர். டெக் டிக்கெட் என்பது கூரைநிழலில் ஒரு பாய் விரிக்கும் இடம். குடும்பங்கள் தகரப்பெட்டிகளை அடுக்கித் தம் எல்லையை வகுத்துக்கொண்டன. மணிக்குப் பன்னிரண்டு கடல்மைல் என்ற வேகத்தில், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கு நான்கு நாளும் சில மணிகளும் ஆகும் என நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். சென்னையில் ஏறிப் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்குவோர்க்கு, இடைத்துறைகளில் நிற்கும் நேரமும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு வாரம்.

ஒரு வாரம் என்று நூல்கள் எழுதும். அது யாருடைய வாரம் என்று நாம் கேட்க வேண்டும். தனியறையில் வந்த அதிகாரிக்கு அது சரியான கணக்கு. தோட்ட வேலைக்கு வந்தவரின் கணக்கு வேறு. 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டி, தொழிலாளியின் கப்பற்கட்டணத்தைச் செலுத்தியது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்ட பின் கங்காணிமுறையே பெருவழியாயிற்று. கங்காணி தம் ஊர்ப்பக்கத்தில் ஆள் சேர்த்து, ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த குடியேற்ற முகாமுக்கு அழைத்துவருவார். அங்கே மருத்துவச் சோதனை, அம்மைக்குத்து, கப்பல் வரும் வரை காத்திருப்பு. பிறகு கடல். இக்கரை வந்ததும் மீண்டும் தடுப்பு முகாம்: பினாங்கிற்கு அருகே ஜெரஜாக் தீவில், அல்லது போர்ட் சுவெட்டன்ஹாம் முகாமில். உடன் வந்தவருள் ஒருவருக்கு அம்மையோ வாந்திபேதியோ கண்டால் எல்லார்க்கும் நாள் நீளும். அதன்பின் இரயில், அதன்பின் மாட்டுவண்டியோ லாரியோ, அதன்பின் தோட்டத்து லயம். கடல் எடுத்துக்கொண்டது ஒரு வாரம். காத்திருப்பு எடுத்துக்கொண்டது அதனினும் மிகுதி. விமானத்தின் சராசரி வேகத்தைத் தரை தின்றதாகக் கண்டோமல்லவா? இங்கே அது மனிதரின் வாழ்நாளைத் தின்றது.

பிரிக்பீல்ட்ஸ் வாசிகளின் கணக்கு மூன்றாவது வகை. கோலாலம்பூரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திருப்பிக் கட்டியபோது சூளைகள் இருந்த இடம் அது; பின்னர் இருப்புப்பாதைத் துறையின் பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் அமைந்தன. நிலைய அதிபராகவும் எழுத்தராகவும் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் பலர் இப்பகுதியில் குடியேறினர். அவர்கள் கொழும்பு வழியாகக் கப்பலேறி வந்தவர்கள். சம்பளமும் விடுப்பும் உள்ளவர்கள். ஊர் சென்று மணம் முடித்துத் திரும்புவது அவர்களுக்கு இயல்வதாயிருந்தது. கிள்ளான் தோட்டத்திலிருந்தவருக்கு அதே கடல் பலமடங்கு அகன்றது. ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே மொழி. தூரம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

1938 சூனில் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. கூலிக்குறைப்பை எதிர்த்து எடுத்த நடவடிக்கை அது. நியாயமும் அதில் உண்டு. மூன்றரை ஆண்டு கழிந்து போர் வந்தது. 1942 சனவரி 11 அன்று சப்பானியப் படை கோலாலம்பூரைக் கைப்பற்றியது. மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்திற்கு மாற்றப்பட்டன. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை மோரிப் கடற்கரையில் இறங்கும் வரை சென்னைக் கப்பல் வரவில்லை. சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச்செல்லப்பட்டவர் எத்தனை பேர் உயிரோடிருக்கிறார் என்று தமிழகத்திலுள்ள தாய் அறிய வழியில்லை. 2,630 கிலோமீட்டர் என்ற எண் அந்த மூன்றரை ஆண்டில் ஒரு பொருளும் அற்றது.

போருக்குப் பின் விமானம் வந்தது. உண்மையில் முன்னரே சிறு அளவில் வந்திருந்தது: 1937இல் வேர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு இடையே சிறு விமானங்களை ஓட்டியது. மலாயன் ஏர்வேஸ் 1947இல் பறக்கத் தொடங்கியது. 1954இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் சிங்கப்பூருக்குச் சேவை தொடங்கியது. ஆயினும் தொழிலாளர் குடும்பங்களுக்கு விமானம் வானில் கேட்கும் ஒலி மட்டுமே. அவர்கள் ரஜுலாவிலேயே போய்வந்தனர்.

இங்கேதான் நம் வரலாற்றின் முரண் தொடங்குகிறது. பயண நேரம் குறையத் தொடங்கிய அதே ஆண்டுகளில் சட்டம் வழியை இறுக்கியது. 1953 ஆகஸ்டில் மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமை பெற்றவர் ஒருபுறம், பெறாதவர் மறுபுறம் என ஒரே லயத்தில் இரு வகையினர் தோன்றினர். குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்ற விதி 1969ஐ ஒட்டி அமலானபோது, பல்லாயிரம் தமிழர் தாம் பிறந்திராத, அல்லது பிறந்தும் நினைவில் இல்லாத ஊருக்குக் கப்பலேறினர். ஆள் கொண்டுவந்த வழியே ஆள் கொண்டுபோகும் வழியாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தந்தை அக்கரைக்கும், நீல அட்டை வைத்திருந்த மகன் இக்கரைக்குமாகப் பிரிந்த குடும்பங்களை நம் தலைமுறையினர் பலர் அறிவர். ரஜுலா 1973இல் கைமாறி, விரைவில் உடைக்கப்பட்டது.

அதன் இடத்தில் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1966இல் பிரான்சு நாட்டில் பாஸ்டர் என்ற பெயரில் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பற் கழகத்தால் வாங்கப்பட்ட கப்பல் அது. 1985 பிப்ரவரி 12 அன்று, சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த அக்கப்பலில் தீப்பற்றி முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கப்பல் மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. ஏழாம் நூற்றாண்டில் வூசிங் சென்ற வழி, அதாவது சாதாரண மனிதர் டிக்கெட் வாங்கிக் கடல் மேல் கடக்கும் வழி, அத்துடன் நின்றது. அரசாணை எதுவும் அதை மூடவில்லை. ஒரு தீ மூடியது. அன்று முதல் ஏழைக்கும் செல்வர்க்கும் ஒரே வழி, வான்வழி. கப்பலில் தகரப்பெட்டியும் தையல் இயந்திரமும் வெண்கலக் குத்துவிளக்கும் ஏறின. விமானத்தில் எல்லாம் எடைபோடப்பட்டன.

கோலாலம்பூரின் விமான நிலையமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. முதலில் நகரை ஒட்டிய சுங்கை பீசி, 1965இல் சுபாங், 1998இல் சிப்பாங். விமானம் விரைவுபெற விரைவுபெற, நிலையம் பிரிக்பீல்ட்ஸை விட்டு அகன்றுகொண்டே போயிற்று. சிப்பாங் இரயில்வழியில் 57 கிலோமீட்டர். அத்தொலைவை ஈடுகட்டவே 2001இல் பிரிக்பீல்ட்ஸின் பழைய சரக்கு இரயில் முற்றத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 2002 முதல் அங்கிருந்து விரைவு இரயில் அரைமணியளவில் விமான நிலையத்தை அடைகிறது. இருப்புப்பாதைத் தொழிலாளர் வாழ்ந்த இடமே இன்று சென்னைக்குப் புறப்படுவோரின் வாசற்படி. ஆனால் அத்தொழிலாளர் குடியிருப்புகளில் பெரும்பகுதி இப்போது இல்லை.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரைமணி முன்னே தள்ளிச் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கியது. அதுவரை இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி வேறுபாடு. அன்று முதல் இரண்டரை மணி. ஆகவே சென்னையில் இரவு 11:30க்கு ஏறுபவர் காலை 6:00க்கு இங்கு இறங்குகிறார். ஆறரை மணி நேரம் போலத் தோன்றும். இங்கே காலை 9:00க்கு ஏறுபவர் சென்னையில் 10:30க்கு இறங்குகிறார். ஒன்றரை மணி நேரம் போலத் தோன்றும். போகும் வழி குறுகியும் வரும் வழி நீண்டும் தெரிவது, பழைய ரஜுலாப் பயணிகள் கேட்டால் புன்னகைக்கக்கூடிய செய்தி.

2008 இறுதியில் ஏர் ஏசியா திருச்சிராப்பள்ளிக்கு நேரே பறக்கத் தொடங்கியபோது ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அது நான்கு மணி நேரத்தைக் குறைக்கவில்லை. அதன் இரு முனைகளையும் குறைத்தது. தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் செல்வோர் சென்னையிலிருந்து ஓர் இரவு பேருந்தில் வர வேண்டியதில்லை. நம் முன்னோர் புறப்பட்ட மாவட்டங்களுக்கு அருகிலேயே வானம் இறங்கியது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியக் குடிமக்கள் விசா இன்றி முப்பது நாள் வரை மலேசியாவில் தங்கலாம். வூசிங் கடலில் கழித்த அதே முப்பது நாள்; இப்போது அது விருந்தினரின் கெடு.

இடையே 2020 மார்ச்சு வந்ததை மறக்க இயலாது. இரு நாடுகளும் எல்லைகளை அடைத்தன. வழக்கமான விமானங்கள் நின்றன. 2022 வசந்தத்தில்தான் மீண்டன. மீட்பு விமானத்தில் இடம் கிடைத்தவர் இறங்கியதும் பதினான்கு நாள் தனிமை. ஜெரஜாக் தீவின் பழைய சொல் புதிய ஒலிபெருக்கியில் கேட்டது. தந்தையின் இறுதிச்சடங்கைக் கைப்பேசித் திரையில் கண்ட மக்கள் நம் பள்ளிகளின் ஆசிரியரறைகளிலும் இருந்தனர். நான்கு மணி நேரம் என்பது இயற்கை தந்ததன்று, பல கதவுகள் ஒருசேரத் திறந்திருக்கும்போது மட்டும் கிடைப்பது என்பதை அவ்விரண்டு ஆண்டுகள் காட்டின.

மொழிக்கழகத்தின் மேடையில் மொழி பற்றிய ஒரு செய்தியைச் சொல்லாமல் விடலாகாது. நம் நாட்டு முதியோர் பேச்சில் 'ஊர்' என்றால் அது தமிழகம். "ஊருக்குப் போயிருந்தேன்", "ஊரிலிருந்து கடிதம் வந்தது" என்பர். கிள்ளானில் அறுபது ஆண்டு வாழ்ந்தவரும் கிள்ளானை ஊர் என்னார்; அது அவருக்கு 'இந்த ஊர்', அல்லது தோட்டத்தின் பெயர். இன்றைய மாணவரிடம் கேளுங்கள்: "இந்தியாவுக்குப் போனோம்" என்பார். ஒரு வாரத் தொலைவில் இருந்தபோது அது ஊர்; நான்கு மணித் தொலைவுக்கு வந்ததும் அது இந்தியா, அயல்நாடு. இதில் வருந்த ஏதுமில்லை என்பதே நம் துணிபு. மாணவரின் ஊர் கிள்ளான்தான். அவர் சொல் அவர் வாழ்வுக்குப் பொருந்தியதே. எனினும் ஒரு சொல்லின் பொருள் ஒரு தலைமுறைக்குள் கடல்தாண்டி இடம்பெயர்ந்ததை நாம் கண்முன் காண்கிறோம். சொற்பொருள் மாற்றத்திற்கு நூல்களில் எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர்கள் தம் மாணவரின் வீட்டுக் கூடத்திலேயே அதைக் கேட்கலாம்.

கேட்பதற்குக் காலம் மிகுதியாக இல்லை. ரஜுலாவின் இறுதிப் பயணங்களில் பத்து வயதுச் சிறுவராக வந்தவர்க்கு இன்று அறுபது வயது கடந்துவிட்டது. போருக்கு முன் முகாம் வழியே வந்தவர் மிகச் சிலரே. எந்தத் துறையில் ஏறினீர்கள், படகிலிருந்து கப்பலுக்கு எப்படி மாறினீர்கள், பாய் விரித்த இடம் மேல்தளமா கீழ்த்தளமா, என்ன சமைத்தார்கள், முகாமில் எத்தனை நாள் இருத்தினர், பெட்டியில் என்ன கொண்டுவந்தீர்கள் என்று ஆறு வினாக்கள் போதும். ஒரு பள்ளித்தவணையில் ஒரு வகுப்பு முப்பது விடைகளைத் தொகுத்துவிடும். பழைய கடப்பிதழ் வீட்டில் இருந்தால் அதன் முத்திரைகளையும் படியெடுங்கள். இறங்கிய துறையும் நாளும் அங்கே இருக்கும். கப்பலின் பெயரைப் பலர் தவறாகச் சொல்லக்கூடும். அவர்கள் சொன்னபடியே முதலில் எழுதுங்கள். சரியான பெயரை அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம்.